போனில் தேதி

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அலெக்ஸாண்டருக்குப் பொங்கல் முடிந்ததும் குரல் கம்மியது. ஈஸ்டருக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனில்தான் தேதி வாங்க வேண்டுமாம். திங்கட்கிழமைதோறும் மனைவி ஆன்சி போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஓர் ஆள் எடுத்து, "டாக்டர் லீவு. அடுத்த வாரம் பண்ணுங்க" என்பார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டாள். "டாக்டர் லீவுல கீறாரும்மே, அடுத்த வாரம் பாப்போம்" என்றது போன். அது அலெக்ஸாண்டரின் குரல். ஏலத்தில் கடைசி வார்த்தையை இழுப்பானே, அதே இழுப்பு.

ஆன்சி திரும்பிப் பார்த்தாள். அவன் எதிரே உட்கார்ந்து கஞ்சியை விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். போனை வைக்காதே என்று கை காட்டினான்.

அதன் பிறகு தினமும் அவனே நம்பரை அமுக்கி அவளிடம் நீட்டினான். அவன் கேட்கட்டும் என்று அவளும் பேச்சை வளர்த்தாள். கடலுக்குப் போட் போச்சா, வஞ்சிரம் இன்னா வெலை என்றெல்லாம் கேட்டாள். குரல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

இன்று அந்தக் குரலும் கம்மியிருந்தது. பேச்சுக்கு நடுவில் இருமியது.

"இன்னாய்யா, தொண்ட கட்டிக்கினு கீது? டாக்டராண்ட காட்டுனியா?" என்றாள் ஆன்சி.

"தேதி எங்கம்மே தர்றானுங்க?" என்றது போன்.