எதிர் நாற்காலி

"முதல்ல பார்த்தவர் மனசுல ஓடுறதை தினமும் நோட்டுல எழுதச் சொன்னார். அடுத்தவர் நான் பேசப் பேச கேட்டுக்கிட்டே இருந்தார். ரெண்டும் பிரயோஜனமில்ல மேடம்," என்றார் பஸ் டிரைவர்.

"இங்க முறை வேற. என்கிட்ட வேண்டாம், உங்க மகன்கிட்டயே நேரா பேசுங்க," என்று மனநல ஆலோசகர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்னடா குறை வச்சேன்? மனசு சரியில்லன்னா அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்பவாவது வாயைத் திறடா!"



"சரி, நீங்களே அந்த நாற்காலியில உட்கார்ந்து, அவனா பதில் சொல்லுங்க," என்றார் ஆலோசகர்.

டிரைவர் எழுந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் தூக்கில் தொங்கி இறந்த பிறகு, இந்த நாற்பது நாளில், முதல் முறையாக அவர் குரல் உடைந்தது.

"சொன்னேனேப்பா. மூணு தடவை சொன்னேன். இதே மேடம்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். பைத்தியம் போற இடம்னு சிரிச்சீங்க."

"இப்ப உங்க இடத்துக்கு வந்து, அவனுக்குப் பதில் சொல்லுங்க."

டிரைவர் எழுந்திருக்கவே இல்லை.