மஞ்சள் கயிறு

வழிப்பறி வழக்கில் உள்ளே கிடக்கும் இசக்கிக்காக, அவன் மனைவி செண்பகம் இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீலம்மாவின் முன் உட்கார்ந்திருந்தாள். இசக்கி பறித்த நகை என்று போலீஸ் கோர்ட்டில் ஒப்படைத்திருப்பது அவளுடைய தாலிச் செயினைத்தான்.

“செயின்ல தாலி கோத்திருந்துச்சுல்லா? அதோட எடுத்திருந்தாங்கன்னா உன்னுதுதான்னு அடிச்சுப் பேசிருவேன்.”

செண்பகம் ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள். தாலி அதில் தொங்கியது.

“தாலி இங்க இருக்கும்மா. வீட்டச் சோதன போட வந்த போலீஸ்ல மத்தவங்க அரிசிப் பானையக்கூட கவுத்துப் பாத்தாங்க. கூட வந்த ஏட்டையாதான் நல்ல மனுசன். பொம்பள தாலியத் தொட்டா பாவம்னு, செயின்லருந்து என்னையவே கழட்டச் சொல்லி, இந்தக் கயித்தயும் குடுத்தாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.”

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். “கயிறு ஏது அவருக்கு?”

“வரும்போதே சட்டைப் பையில வச்சிருந்தாரும்மா.”

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் அதைக் கண்ணில் ஒற்றி உள்ளே விட்டுக்கொண்டாள். நல்லது செய்த மனுசனைப் பற்றி ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.