ஈரமில்லாத மஞ்சள்

வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னைத்தான் விட்டார்கள்.

"அழாம நிக்கிற ஒரே ஆளு இவதான்லா" என்று எவளோ சொல்லிவிட்டாள். அழாமல் நின்றதற்குக் கிடைத்த பரிசு இது.

பெட்டிக்குள் பத்துமலை இருந்தான். ராணுவத்தில் இருந்தவன், கிரிக் காட்டில் கம்யூனிஸ்டுகள் புதைத்திருந்த கண்ணிவெடியை மிதித்துவிட்டான். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று கூட வந்த ராணுவத்தார் சொல்லிவிட்டார்கள். மேலே கொடி போர்த்தியிருந்தது. சுங்காய் எஸ்டேட் முழுக்க லயத்து வீட்டு வாசலில் கூடியிருந்தது.

செய்தி வந்ததிலிருந்து அவன் அம்மா நல்லம்மாளை விட்டு நான் நகரவில்லை. கஞ்சி ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். மயங்கி விழுந்தபோதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் மெச்சினார்கள். மெச்சி என்ன செய்ய? எனக்கு யார் மடி இருக்கிறது?

கல்யாணமாகாமல் செத்தவனை அப்படியே அனுப்பக் கூடாதாம். அவன் பெயரில் வாழைக்கன்றுக்குத் தாலி கட்டி, உடனே அந்தக் கன்றை வெட்டிவிட வேண்டுமாம். மகன் ஒற்றையாகப் போகக் கூடாது என்று நல்லம்மாள் ஒரே பிடியாக நின்றாள். பெட்டியை ஏற்றிப்போக வந்த லோரிக்காரர்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்டுவதற்குப் பாராங் கத்தியோடு நின்றவன் என் அண்ணன் ராஜு. இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை அவன். அவர்கள் சாதி என்ன, நம் சாதி என்ன என்பான். பத்துமலையோடு நின்று பேசினேன் என்பதற்காக ஒருமுறை என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சாவுக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டான்.

நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேள தாயி, எவ பெத்த பொண்ணும் இவன நம்பிக் கழுத்த நீட்டல. அந்தப் பாவமாச்சும் எம்புள்ளைக்கு இல்லாமப் போச்சு."

அவளுக்கு மிஞ்சிய ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் பிடுங்குவேனா? எதிரே பாராங்கோடு அண்ணன் வேறு நிற்கிறான்.

பத்துமலையின் தாய்மாமன் ஐயாவு என்னை உள்ளே அனுப்பினார். நூலில் மஞ்சள் பூசி, ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக்கொண்டு சீக்கிரம் வா என்றார்.

அடுப்படியில் அம்மி மேல் அரைத்த மஞ்சள் இருந்தது. பக்கத்தில் நூல்கண்டு இருந்தது. இரண்டையும் தொட எனக்கு மனம் வரவில்லை.

கயிற்றோடு திரும்பி வந்தேன்.

நல்லம்மாள்தான் அதை முதலில் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

கயிற்றில் ஈரம் இல்லை. வேர்வை பட்டுக் கறுத்திருந்தது. மஞ்சள் துண்டு, குளித்துக் குளித்துச் சுருங்கிப் போயிருந்தது.

மெல்ல நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தாள். ரவிக்கையின் மேல் கொக்கியை மாட்ட மறந்திருந்தேன்.

கயிற்றை ஐயாவுவிடம் கொடுத்தாள். அவர் அதைப் பெட்டி மேல் வைத்து எடுத்து, என் கைக்குள் இருந்த கன்றில் கட்டினார். ஈப்போ கோயிலில் யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டு, அடுத்த லீவில் வந்து ஊரறியக் கட்டுகிறேன் என்று சொல்லிப் போனவன், சொன்னபடி கட்டிவிட்டான்.

ராஜு பாராங்கை ஓங்கினான்.

"வெட்டாத தம்பி!"

நல்லம்மாள் பாய்ந்து வந்து கன்றையும் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று கூட்டம் உச்சுக் கொட்டியது. ராஜுவும் கையை இறக்கிக்கொண்டான்.

அவன் பார்வை படுவதற்குள், அவள் விரல்கள் என் ரவிக்கையின் கொக்கியை மாட்டிவிட்டன.