நண்டுக் குழம்பு போட்ட வீடு

எண்ணூர் முகத்துவாரத்தில் எந்தெந்த இடங்களைப் பாதுகாக்கப் போகிறார்கள் என்ற வரைபடம் வெளியானது. தேசப்பன் நண்டு பிடிக்கும் சேற்றுத் திட்டு அதில் இல்லை. அதை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்ட ஒதுக்கிவிட்டார்களாம்.

அவர் நேரே விம்கோ நகர் அலுவலகத்துக்குப் போய், அந்த வரைபடத்துக்காக நண்டு கணக்கெடுக்க வந்திருந்த ஹெப்சிபாவின் மேஜை முன்னால் நின்றார்.

"இன்னாம்மா, எங்க வூட்ல குந்திகினு நண்டுக் கொயம்பு துன்னியே! எம் பொண்டாட்டி இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு ஊத்துனாளே! இப்டி கயுத்தறுத்துட்டியே!"

"அண்ணே, உங்க திட்டுல நண்டு இருக்குதா இல்லியான்னு எங்களுக்கே சந்தேகமா இருந்துச்சு. அதான் மேப்ல கேள்விக்குறி போட்டு வெச்சிருந்தேன்."

"இன்னா சந்தேகம்? துன்ன வாய்க்குத் தெரியாதா?"

"துன்னும்போதே கேட்டேனே, இது எங்க புடிச்சதுன்னு."

ஹெப்சிபா அன்று எழுதி வாங்கிய தாளை எடுத்து நீட்டினாள். 'காசிமேட்டு மீன் சந்தையில் வாங்கியது. எங்கள் திட்டில் நண்டே கிடையாது' என்று அதில் எழுதியிருந்தது. கீழே தேசப்பனின் கையெழுத்து.

அவர் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நண்டு இருக்கிறது என்று சொன்னால் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று வேலி போட்டு, தன்னையே உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம் அன்றைக்கு. அந்த நண்டுகளை அன்று விடிகாலையில் அந்தத் திட்டில்தான் பிடித்திருந்தார்.

"பொய்தாம்மா சொன்னேன். அந்தக் கேள்விக்குறியாச்சும் அப்டியே கீதா?"

"கூப்ட்டு சோறு போட்றவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு," என்றாள் ஹெப்சிபா, "அன்னிக்கே அழிச்சிட்டேன்ணே."