மூன்றாவது மிதி

“டவுன்ல ஒரு மெக்கானிக் பாக்கியில்லாம பார்த்துட்டேண்ணே. நீங்க சரின்னு சொல்லாம அந்த வண்டியைத் தொடமாட்டோம்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லிட்டாங்க.”

பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வராமலே அந்தப் பெண் பேசினாள். கையில் கோர்ட்டு கொடுத்த அனுமதிக் காகிதம். அவள் தம்பி ஜெயிலில் இருக்கிறான். அவன் ஓட்டிய சின்ன கார் சரிவில் நிற்காமல் போய், ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை அடித்ததில் உயிர் போய்விட்டது. பிரேக் கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று அவன் அன்றிலிருந்து ஒரே பாட்டாகப் பாடுகிறான். சோதித்த அதிகாரியோ, பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, பையன்தான் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்று எழுதிவிட்டார்.

மெக்கானிக் ஒன்றரை மாதமாகப் பட்டறை ஷட்டரைப் பாதிதான் தூக்குகிறார். ஆனால் அந்த மாடல் என்ஜினையும் அதன் அண்ணன் தம்பி என்ஜின்களையும் இருபது வருஷமாகப் பிரித்துப் பூட்டியவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை வேலை செய்யும். உள்ளேயிருந்து டீயோடு வந்த அவர் மனைவி, வாசலில் நின்றவளைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பிரேக் நல்லா இருந்தா, நல்லா இருக்குன்னுதான் எழுதுவேன்,” என்றார் கடைசியில். “அப்புறம் உன் தம்பியை யாராலயும் காப்பாத்த முடியாது.”

“எழுதுங்கண்ணே. எது நிஜம்னு தெரிஞ்சா போதும்.”

அப்படி எழுதிக் கையெழுத்துப் போடத்தான் அவர் கிளம்பினார்.

பறிமுதல் செய்த வண்டிகள் நிற்கும் முற்றத்தில், துருப்பிடித்த லாரிக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. இடது பக்க விளக்கு உடைந்திருந்தது. அவர் அந்த விளக்கைப் பார்க்கவே இல்லை. கூட வந்த கோர்ட்டு குமாஸ்தா நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார். அந்தப் பெண் சுவரோரம் நின்றாள்.

சக்கரம், பிரேக் ஆயில், பேடு எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கிளப்பி ஒருமுறை மிதித்தார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது. பிறகு, சரிவில் மிதிப்பதுபோல அடுத்தடுத்து மிதித்தார். இரண்டாவது மிதி பாதி இறங்கியது. மூன்றாவது மிதிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. கல்தான்.

இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். என்ஜினுக்குக் காற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேனிஃபோல்டு அந்த வண்டியுடையதே அல்ல. அதே குடும்பத்துப் பெரிய என்ஜினுடையது. போல்ட்டுத் துளைகள் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் பெரிய வண்டியில் பிரேக்குக்குத் தனி பம்பு உண்டு. சின்ன வண்டியின் பிரேக்கோ மேனிஃபோல்டு உறிஞ்சும் பலத்தில்தான் வேலை செய்யும். அதற்குக் கட்டைவிரல் தடிமன் குழாய் வேண்டும். இங்கே அந்தக் குழாயைப் பேனா ரீஃபில் போன்ற ஒரு சின்ன மூக்கில் யாரோ ஒட்டுப்போட்டுச் செருகியிருந்தார்கள். ஒரு மிதிக்குப் போதும். மூன்று மிதிக்குப் போதாது.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது.

குனிந்து நகத்தால் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் இல்லை, நகப்பூச்சு. இறுக்கி முடித்த போல்ட்டில் அடையாளத்துக்குப் பொட்டு வைப்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு. மற்றவர்கள் பெயிண்ட் வைப்பார்கள். நகப்பூச்சு வைப்பது அவர் ஒருவர்தான். வீட்டில் பாதி தீர்ந்த பாட்டில்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பானெட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாத்தியார் கொண்டுவந்த வெள்ளை வண்டி. மேனிஃபோல்டு விரிசல், புதுசு கிடைக்கவில்லை, பழைய இரும்புக் கடையிலிருந்து பெரிய என்ஜினுடையதை எடுத்துவந்து மாட்டினார். இப்போதைக்கு ஓட்டுங்கள், அடுத்த வாரம் வாருங்கள், பிரேக் குழாய்க்குத் தனியாக வழி பண்ணித் தருகிறேன் என்றார். வாத்தியார் வரவில்லை. இவரும் மறந்தே போனார். வண்டி கை மாறி, நிறம் மாறி இங்கே வந்து நிற்கிறது.

“என்னங்க, பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிடட்டுமா?” குமாஸ்தா கொட்டாவி விட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் சுவரோரம் நின்றவளைக் கூப்பிட்டார்.

“வாம்மா. நீயே உக்காந்து மூணு தடவை மிதிச்சுப் பாரு.”

மிதித்தாள். மூன்றாவது மிதியில் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவர் குமாஸ்தாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்தார்.

“இந்த ஒட்டுவேலை யார் பார்த்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டார் குமாஸ்தா.

“நான்தான்.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்லுங்கள், பழி உங்கள் தலையில் விடியும் என்றார். எழுதுங்கள் என்றார் மெக்கானிக். குமாஸ்தா எழுதினார். படிவத்தில் ஒரே ஒரு வரிதான் பாக்கி இருந்தது.

“இது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கறதுதான். இறந்துபோன பொண்ணுக்கு நீங்க ஏதாவது உறவா?”

“அப்பா,” என்றார் மெக்கானிக்.