ஈரப் பாய்

சவரிநாதனுக்கு வீடு என்று இருந்தது அந்தக் கூண்டு வண்டிதான். துரைமார் வீட்டுக் குசினிப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டு, மாட்டை அவிழ்த்த இடத்தில் குடித்தனம். அவனும் மனைவி மதலேனும் படுத்தால் கூண்டு நிறைந்துவிடும். அதனால் வைக்கோல் வைக்க வண்டிக்கடியில் கட்டிய கோணித் தூளியே அவன் அப்பாவுக்குப் படுக்கை ஆயிற்று. போன ஐப்பசி மழையில் கிழவர் இருமி இருமிச் செத்தார். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

இந்த மழைக்கு முத்தியால்பேட்டையில் வண்டி நின்றது. எதிர்வீட்டுச் செல்வாம்பாள் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தவள், குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள்.

"ஏம்பா, பெரியவர இப்படி ஈரத்துல போட்டு வச்சிருக்கியே. என்னா இருமல் இருமுறாரு. பெத்த அப்பன்தான?"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அப்பா செத்துவிட்டார் என்று சொல்லலாம். எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். சவரிநாதன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"இன்னைக்கே மேல ஏத்திடுறேம்மா."

சொன்னபடியே சாமான்களை இறக்கிவிட்டுக் கூண்டுக்குள் பாயை விரித்தான். மதலேன் தன் தலையணையைக் கொண்டுபோய் அதில் வைத்தாள். இருவரும் வண்டிக்கடியில் ஈரத் தரையில் படுத்தார்கள்.

காலையில் அண்டாவை வாங்க வந்த செல்வாம்பாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இப்பதான் கால நீட்டித் தூங்குறாரு, பாவம்."

அவள் போனபிறகு சவரிநாதன் உள்ளே பார்த்தான். கூண்டு எங்கும் ஒழுகவில்லை. பாய் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, சொதசொதவென்று நனைந்திருந்தது.