தூக்கத்தில் திரும்பும் பக்கம்

பூமியின் காந்தத்தைப் புறா உணர்வதுபோல மனிதரும் உணர, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறு காந்த மணியைப் பதித்துக்கொள்ளும் காலம் அது. அதன்பின் யாருக்கும் வழி தப்பியதில்லை. ஒரே ஒரு சங்கடம்தான். வாய் என்ன சொன்னாலும், மனசு எதை வீடென்று நினைக்கிறதோ, தூக்கத்தில் உடம்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

மூன்று வருடம் கழித்து ஷார்ஜாவிலிருந்து அதிராம்பட்டினம் வந்த அமானுல்லா, மதியம் சாப்பிட்டுவிட்டு மனைவி சுலைஹாவைப் பார்த்தபடிதான் படுத்தான். கண் அசந்ததும் அவளுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினான். தோளைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். திசைகாட்டி முள் மாதிரி மறுபடியும் மேற்கே போனான்.

எழுந்தவனிடம் சொன்னாள்.

"மேற்கேயே திரும்பிக்கிறீங்க, மச்சான்."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தான். "மக்கா அந்தப் பக்கம்தானே, புள்ள."

ஷார்ஜாவும் அந்தப் பக்கம்தான். அதைச் சொல்லாமல் அவள் டீயை நீட்டினாள்.

"சரி, நீ எந்தப் பக்கம் திரும்புவே?" என்று கேட்டான்.

"தெரியாது மச்சான். பார்த்துச் சொல்ல இங்கே யாரு இருந்தா?"